ஈரச் சீட்டு

டிசம்பர் 1, ஞாயிறு

"கெசியாவுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அவளே சீட்டு எழுதட்டும்" என்று ஐரின் பெரியம்மா சொன்னபோது யாராவது தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எழுதிவிட்டேன்.

இந்த நோட்டை யாராவது திருடிப் படித்தால் (அம்மா, வணக்கம்) அவர்களுக்காக ஒரு விளக்கம். டிசம்பர் வந்தால் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிறிஸ்மா விளையாட்டு. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். என் கைக்கு யார் பெயர் வருகிறதோ அவர் எனக்குக் கிறிஸ் சைல்டு, நான் அவருக்குக் கிறிஸ்மா. மூன்று வாரம் அவருக்குத் தெரியாமல் பரிசு வைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை கோணங்கித்தனமாக ஒரு வேலை கொடுக்கலாம். அவர் செய்தே ஆக வேண்டும். கேரல் ஆராதனைக்கு முந்தின நாள், யாருக்கு யார் என்று எல்லார் முன்னாலும் உடைப்போம். இதற்காகப் பயிற்சி அறைச் சுவரில் ஆறு ஆணி. ஆறு ஆணியில் ஆறு துணிப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

ஆறு பேர்தான் நாங்கள். நான். ஆல்டோ குரலில் பாடி ஆல்டோ காரிலேயே வரும் ஐரின் பெரியம்மா. சைக்கிள் கடை ஞானையா அண்ணாச்சி. பேஸ் பாடுகிறவர், ஆனால் பேசாதவர். கீபோர்டு வாசிக்கும் ஜெபஸ் அண்ணன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தலைக்கு மேல் வேலை என்பான், அது தலைமுடி வேலை. போன மாசம் புதிதாகச் சேர்ந்த மதினி ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி. எங்கள் சர்ச் டேனியல் அண்ணனைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறாள். கடைசியாக, தலைவி திர்சா அக்கா. வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊரார் ரத்தத்தை எடுப்பார். மிச்ச நேரத்தில் எங்கள் ரத்தத்தை.

ஒரு வரியை நாற்பது தடவை பாட வைப்பார். போன வருஷம் எங்கள் போதகர், ஐயர் என்போம், கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் கீபோர்டில் டெமோ பொத்தானை அமுக்க, டிஸ்கோ கிளம்பிவிட்டது. அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை சேட்ட பண்ணின, தனிப்பாட்டு உனக்குக் கிடையாது." இந்த வருஷக் கேரலில் முதல் தனிப்பாட்டு எனக்கு. மூன்று வருஷம் காத்திருந்து வாங்கியது.

அதனால் ஒழுக்கமாக இருக்க முடிவு செய்து, ஆறு சீட்டில் ஐந்தில் 'திர்சா' என்று எழுதினேன்.

ஐந்து கிறிஸ்மா, ஐந்து கோணங்கி வேலை, ஒரே திர்சா. இதை யோசித்த மூளைக்கு யாராவது சால்வை போர்த்த வேண்டும். அவரே தன் பெயரை எடுத்துவிடக் கூடாதே என்று ஆறாவது சீட்டில் 'கெசியா' என்று எழுதி உள்ளங்கையில் ஒளித்துவைத்து, அவர் முறை வந்ததும் டப்பாவுக்குள் கைவிட்டுக் கலக்குவதுபோலக் கலக்கி அவர் விரலில் திணித்தேன். பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.


டிசம்பர் 4, புதன்

முதல் பரிசு நாள். யாரும் பார்க்காதபோது வந்து பையில் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். திர்சா அக்காவின் பை நிறைமாசமாகத் தொங்கியது. என் பையில் ஒரு தொண்டை மிட்டாய்ப் பொட்டலம். மற்ற நாலு பையும் ஒட்டிப்போன வயிறு.

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாரும் அக்காவுக்கே வைத்தால் மற்றவர்களுக்கு யார் வைப்பார்கள்? கணக்கில் நான் எப்போதும் சுமார்தான்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது ஜெபஸ் அண்ணன் தன் பையைத் தட்டிப் பார்த்து, "என் கிறிஸ்மா லீவு போல" என்று சிரித்தான். ஐரின் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி என்னிடம், "ஏட்டி கெசி, சாப்பிட்டியா?" என்றார். மதினி பக்கத்திலேயே போகவில்லை.

ஞானையா அண்ணாச்சி கையை உள்ளே விட்டார். ஒரு மூலை தேடினார், இன்னொரு மூலை தேடினார். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.


டிசம்பர் 5, வியாழன்

உண்மையைச் சொல்லிவிட்டால் தனிப்பாட்டு போச்சு. சொல்லாவிட்டால் நாலு பை காலி. ஆகவே நாலு பேருக்கும் நானே கிறிஸ்மா. சீட்டு எழுதினவள் சீட்டு கிழியாமல் இருக்க வேறு வழியில்லை.


டிசம்பர் 7, சனி

முதல் சுற்று படுதோல்வி. எல்லாமே வேடிக்கைப் பொருளாக எடுத்தேன். பேசாத அண்ணாச்சிக்குக் குரலைத் தேட ஒரு குட்டி டார்ச். ஜெபஸ் அண்ணனுக்குப் பேன் சீப்பு. ஐரின் பெரியம்மாவுக்குப் பொம்மைக் கார். "எங்கூருச் சிறுவாணித் தண்ணிங்க" என்று எதற்கெடுத்தாலும் பெருமைப்படும் மதினிக்கு ஒரு பாட்டில் தாமிரபரணித் தண்ணீர். மேலே 'சிறுவாணி அல்ல, பொறுத்தருள்க' என்று லேபிள்.

மதினி வீடு வரைக்கும் பொறுக்காமல் வாசலிலேயே எடுத்துப் படித்தாள். சிரித்தாள். அப்புறம் முகம் கழுவப் போனாள். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

பரிசு என்ற பெயரில் நான் கொடுத்தது எல்லாம் என்னைத்தான் சிரிக்க வைத்தது.

என் பையில் ஒரு துண்டுக் காகிதம்: 'உன் வேலை: நாளை முழுவதும் சிலேடை பேசக் கூடாது, எழுதவும் கூடாது.'


டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் சர்ச். பிறகு பயிற்சி. விவரம் நாளை.


டிசம்பர் 9, திங்கள்

அப்பாடா. நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

திர்சா அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையில் மூன்று முழம் கனகாம்பரத்தோடு உள்ளே வந்தார். "வணக்கமுங்க. எல்லாரும் எந்திரிங்க. ஜெபஸுங்க, நீங்க சுருதி குடுங்க" என்றார். கண்ணாடி ஜெபஸ் அண்ணன் கொடுத்த வேலை என்று அவன் இளித்த இளிப்பிலேயே தெரிந்தது. கனகாம்பரம் ஐரின் பெரியம்மா. 'ங்க' போட வைத்தது மதினி. போன மாசம் முழுக்க அவள் பேச்சை ஜெபஸ் அண்ணன் நடித்துக் காட்டியதற்குப் பதில். கெட்டிக்காரி.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நடத்துகிறவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததேயில்லை. ஞானையா அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் காது வரை சிரிப்பு. வாரம் முழுக்க நின்று ரத்தம் எடுத்துவிட்டு இங்கேயும் நிற்கிறாரே, ஒரு பாட்டாவது உட்காரட்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோணங்கி வேலை கொடுக்கச் சொன்னால் ஓய்வைக் கொடுத்த ஒரே மனிதர்.

நான் கொடுத்த வேலை: 'திரும்பப் பாடு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு தோப்புக்கரணம்.' சொல்லாமல் விட்டுவிடுவார், பயிற்சி பத்து நிமிஷத்தில் முடியும் என்பது என் திட்டம்.

இரண்டாவது பாட்டில் மூன்றாவது வரி பிசகியது. அக்கா எழுந்தார். "திரும்பப் பாடுங்க" என்று சொல்லி, காதைப் பிடித்துக்கொண்டு ஒன்று போட்டார். மறுபடி பிசகியது. மறுபடி ஒன்று. எண்ணினேன்: இருபத்தாறு. கடைசி ஐந்தாறில் மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வரி சரியாகும் வரை விடவில்லை. சாரீரத்துக்காகச் சரீரத்தை இவ்வளவு வளைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. இருபத்தேழாவது தடவை நாங்கள் பாடியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது. அவரை இன்னொன்று போட வைக்கக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து பாடினோம்.

ஜெபஸ் அண்ணன் கேட்டான்: "என்னக்கா, ஒங்க கிறிஸ்மா இத்தன வேல குடுத்திருக்காவளா?"

"ஒண்ணுதான் குடுத்தாவ. மிச்சம் நானாச் சேத்தேன். எது எதுன்னு சொல்ல மாட்டேங்க."

ஒவ்வொருத்தரும் தன் வேலைதான் அந்த ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனார்கள். ஏன் அப்படிப் பொய் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.


டிசம்பர் 11, புதன்

இப்போது நான் ஆட்களைப் பார்க்கிறேன். வேடிக்கை பார்ப்பதில்லை, பார்க்கிறேன். இரண்டும் வேறு என்று இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்.

ஐரின் பெரியம்மா டப்பா நிறைய ஏதாவது கொண்டுவருவார். எல்லாருக்கும் நீட்டுவார். டப்பா அவரிடம் திரும்பும்போது அடியில் தூள் மட்டும் இருக்கும். "நான் வீட்லயே தின்னுட்டேன்" என்பார். தினமும் இதே பொய். எதைக் கொடுத்தாலும் பங்கு வைத்துவிடுகிறவருக்கு என்ன கொடுப்பது? அம்மா சுட்ட முந்திரிக்கொத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துப் பொட்டலம் கட்டினேன். 'இதில் ஒன்றுதான் இருக்கிறது. பங்கு போட முடியாது. வீட்டுக்குப் போக வேண்டாம், சட்டத்தை மீறி இப்போதே தின்னவும்.'

பெரியம்மா படித்தார். சுற்றிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் தின்றார்.

ஜெபஸ் அண்ணன் ஒரு கையால் வாசித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபேன் காற்றில் பறக்கும் தாளைப் பிடிக்கிறான். நடுநடுவே தலைமுடியையும். இத்தனை நாள் முடியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். எட்டுத் துணிக் கிளிப்புக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் மாதிரி வர்ணம் அடித்து வைத்தேன். இன்றைக்கு இரண்டு கையாலும் வாசித்தான். அவன் இவ்வளவு நன்றாக வாசிப்பான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.


டிசம்பர் 14, சனி

இரண்டு விஷயம்.

ஒன்று. புதன்கிழமை ஞானையா அண்ணாச்சி பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கேலி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: அந்தப் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு பாட்டையும் மனப்பாடமாகப் பாடுகிறார். எல்லாக் கண்ணியையும், ஒரு சொல் பிசகாமல். புத்தகம் சும்மா மரியாதைக்கு. எனக்கு இரண்டாவது கண்ணியிலேயே வாய் மட்டும்தான் அசையும். நேற்று முழுக்க உட்கார்ந்து கேரல் பாட்டுகளைக் கட்டை விரல் உயரத்துக்குப் பெரிய எழுத்தில் எழுதி, நூல் கோத்துப் புத்தகமாக்கினேன். என் முத்து முத்தான கையெழுத்துக்கு முதல் நல்ல வேலை.

இரண்டு. அதை வைக்கப் போனால் அவர் பையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. கைக்கடக்கமான பிளாஸ்க். 'சர்க்கரை இல்லாத டீ. இங்கே தரும் டீயை நீங்கள் தொடுவதில்லை.' ஐரின் பெரியம்மா பையில், தைத்த மெத்தை ஒன்று: 'கார் சீட்டுக்கு. ரோடு தெரியும்.' உண்மைதான். பெரியம்மாவின் கார் தூரத்தில் வரும்போது ஓட்டுகிறவர் இல்லாமல் வருவது போல இருக்கும். ஜெபஸ் அண்ணனுக்கு அதே நீலக் கட்டம் போட்ட துணியில் கீபோர்டு உறை. மதினிக்கு ஒரு சின்ன நோட்டு. அவள் பாட வேண்டிய பாட்டுகளுக்கு எல்லாம் சுரம் எழுதியது.

யாரோ என்னைப் போலவே நாலு பேருக்கும் வைக்கிறார்கள். என்னைவிட நன்றாக வைக்கிறார்கள். நாலிலும் ஒரு துண்டுச் சீட்டு வெள்ளைப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நுனி மட்டும் உள்பக்கம் மடித்திருந்தது.

மருந்துக் கடைக்காரர் யாராவது நம் குழுவில் சேர்ந்துவிட்டாரோ.


டிசம்பர் 16, திங்கள்

அம்மாவோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். திர்சா அக்காதான் எடுத்தார். எங்களுக்கு முன்னால் பதினொரு பேர்; பதினொரு பேரிடமும் ஒரே பொறுமை. அம்மாவுக்கு ஊசி என்றால் பயம், ஊசி போனதே தெரியவில்லை என்றாள். பஞ்சை வைத்து வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டினார். ஒட்டும் முன் ஒரு நுனியை உள்பக்கம் மடித்தார்.

"வீட்ல போய் இந்த நுனியப் பிடிச்சு இழுங்க பெரியம்மா. வலிக்காது."

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வழியெல்லாம் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டாள், "என்னட்டி, பேச்சே காணும்?"

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று யோசிக்கப் பயந்து, தனிப்பாட்டை முப்பது தடவை பாடிப் பார்த்தேன்.


டிசம்பர் 18, புதன்

இன்று அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று சீக்கிரம் போனேன். "என்ன கெசியா?" என்றார். "ஒண்ணுமில்லக்கா, தொண்டை மிட்டாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கொடுத்தார்.

மதினிக்கு என்ன வைப்பது என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்தேன். நேற்று ஐயரின் மனைவி ஐயரம்மா வந்து, "நம்ம டேனியல் வீட்டுக்காரி எங்க?" என்றார். ஜெபஸ் அண்ணன், "கோயம்புத்தூரு, ஒங்களத்தாங்க" என்றான். நான் மதினி என்கிறேன். வந்து இரண்டு மாசமாக இந்த ஊரில் அவளை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நானே வருகைப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் பைகூட 'மதினி' என்றுதான் தொங்குகிறது, எழுதியது நான்.

இன்று அந்தப் பையைக் கழற்றிவிட்டு வேறு பை மாட்டினேன். இருந்த பச்சை நூலையெல்லாம் போட்டுப் 'பிரமிளா' என்று தைத்திருந்தேன். 'மி' கொஞ்சம் கோணல். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

அவள் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பாடினாள். இத்தனை நாள் பின்வரிசையில் தன் ஊர்ப் பேச்சு வெளியே தெரிந்துவிடுமோ என்று வாய்க்குள்ளேயே பாடியவள். கீபோர்டே ஒரு நொடி நின்றுவிட்டது. என் குரலைவிட நல்ல குரல். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நோட்டில் பொய் எழுதக் கூடாது.


டிசம்பர் 21, சனி

உடைக்கும் நாள். கேக்கு, கலர், எல்லாரும் வட்டமாக. "ஜெபஸ், நீ ஆரம்பி" என்றார் அக்கா. அவன் எழுந்தான். "என் கிறிஸ் சைல்டு..."

நான் எழுந்துவிட்டேன். "அக்கா. அவன் ஒங்க பேரத்தான் சொல்லுவான். பெரியம்மாவும் ஒங்க பேரத்தான் சொல்லுவாவ. அண்ணாச்சியும். பிரமிளா மதினியும். எல்லாச் சீட்டுலயும் நான் ஒங்க பேர எழுதிட்டேன்."

கலர் பாட்டிலில் நுரை அடங்கும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி" என்றான் ஜெபஸ் அண்ணன். "அப்ப எனக்குக் கிளிப் வச்சது?"

"நான்."

"பேன் சீப்பு?"

"அதுவும் நாந்தான். மன்னிச்சிரு."

ஐரின் பெரியம்மா கேட்டார்: "ஏட்டி, ஒத்த முந்திரிக்கொத்து?"

"நாந்தான் பெரியம்மா."

"மெத்த?"

"அது நான் இல்ல."

எல்லாரும் திர்சா அக்காவைப் பார்த்தார்கள். அவர் பர்ஸைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். 'கெசியா' என்ற எழுத்து மசி கலங்கிப் பரவியிருந்தது.

"எங் கையில வந்தப்பவே ஈரமா இருந்திச்சு. டப்பாவுல கெடந்த சீட்டு எப்படி நனையும்? கையில இருந்து வந்திருக்குன்னு தெரிஞ்சிட்டு. புதன்கிழம பையில அஞ்சு பொட்டலம், அஞ்சு கையெழுத்து. மிச்சமும் தெரிஞ்சிட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்குன்னு அஞ்சு பேரு யோசிச்சு எடுத்து வச்சிருக்கிய. பெரியம்மா வச்ச உள்ளங்கால் தைலம், அண்ணாச்சி சைக்கிள் டியூப்ல செஞ்ச சாவிக்கொத்து. ஒருநாள் வச்சுக்கிடுவோம்னு நெனச்சேன். அப்புறம் விட மனசு வரல. ஒங்க நாலு பேரு பையும் காலியாக் கெடக்கேன்னு நான் தைக்க ஆரம்பிச்சேன். தப்பு எம்மேலயும் இருக்கு."

நாற்பது தடவை திரும்பப் பாட வைக்கும் அக்காவுக்குக் குரல் உடைந்தது. முதல் தடவையிலேயே.

ஞானையா அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நாங்கள் எல்லாரும் திரும்பினோம். "எனக்கு ரெண்டு கிறிஸ்மா" என்றார். "நல்லாத்தான் இருந்திச்சு." அவ்வளவுதான். இந்த வருஷத்துக்கான பேச்சு முடிந்தது.

பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய முகத்தை எடுத்து மாட்டினார். "ஆனா சொன்னது சொன்னதுதான் கெசியா. தனிப்பாட்டு ஒனக்குக் கிடையாது. பிரமிளா பாடட்டும். நானும் நாளைக்கு முன்னால நிக்கல. பின்வரிசையில ஒம் பக்கத்துல நிக்கேன். ஜெபஸ் ரெண்டு கையாலயும் வாசிக்கான், அது போதும்."

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கேக்கு கொஞ்சம் உப்பாக இருந்தது, அவ்வளவுதான்.


டிசம்பர் 22, ஞாயிறு

சாயங்காலம் சர்ச் நிறைந்துவிட்டது. ஐயர் மைக்கில் அறிவித்தார்: "தனிப்பாட்டு, பிரமிளா." டேனியல் வீட்டுக்காரி இல்லை. பிரமிளா. அவள் முன்னால் போய் நின்றாள். ஜெபஸ் அண்ணன் முன்னிசையை வாசித்து முடித்தான். அவள் வாய் திறக்கவில்லை. அவன் மறுபடி வாசித்தான். அவள் காது சிவந்துவிட்டது.

முதல் சுரம் மறந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்த முதல் சுரத்தை மூன்று வருஷமாக நான் தொண்டையில் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் நின்று, வாயை மூடியபடி, அவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு அதை முனகினேன். பக்கத்தில் திர்சா அக்கா அசையவில்லை. அவர் முழங்கை மட்டும் என் முழங்கையைத் தொட்டது.

பிரமிளா அதைப் பிடித்துக்கொண்டாள். பாடினாள். நான் பாடியிருந்தால் இப்படி இருந்திருக்காது. ஞானையா அண்ணாச்சி என் பெரிய எழுத்துப் புத்தகத்தை நேராகப் பிடித்திருந்தார். ஐரின் பெரியம்மா கையிலிருந்த புத்தகத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.


டிசம்பர் 23, திங்கள்

நேற்று ஆணியில் இருந்து என் பையைக் கழற்றும்போது உள்ளே ஒரு கவர் இருந்தது. காலையில்தான் திறந்தேன். ஒரே அளவாக வெட்டிய ஆறு வெற்றுச் சீட்டு. ஒரு துண்டுக் காகிதம்:

'அடுத்த வருஷமும் நீதான் எழுத வேண்டும். கை வேர்க்காமல்.'

கவரை ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்து இந்தப் பக்கத்தின் மேல் ஒட்டி மூடுகிறேன். அம்மா, படித்தே தீருவேன் என்றால் மடித்த நுனியைப் பிடித்து இழுக்கவும். கிழியாது.